நான் சேர்க்காமல் விட்ட ஐந்தாவது ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். 2007ல் எங்கள் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அதே வருடம்தான் நானும் கடையைத் திறந்தேன். பெயர்ப்பலகைக்கு முன்பே காசு கொடுத்து எழுதியாகிவிட்டதால் பலகையில் இன்றைக்கும் பழைய பெயர்தான் இருக்கிறது. காலையில் தோட்டத்து ஆட்களும் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் பசியாற வருவார்கள். மத்தியானம் யூனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள். சாயங்காலம் யார் வருவார்கள் என்பது மழையைப் பொறுத்தது.

உங்கள் பத்திரிகையில் குறைந்தபட்சச் சம்பளம் பற்றி இரண்டு வாரமாகக் கடிதங்கள் வருகின்றன. சம்பளத்தை ஏற்றினால் வேலை போய்விடும், வளரும் நாட்டுக்கு இது தாங்காது என்கிறார் ஒருவர். முதலாளிகள் அழுவதெல்லாம் நாடகம் என்று அவருக்குப் பதில் எழுதுகிறார் இன்னொருவர். முதலாமவர் சொல்லும் பயம் எனக்கும் இருந்தது. இரண்டாமவர் சொல்லும் நாடகத்தில் நானும் வேஷம் கட்டியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம் ஆசிரியரே, ஏன் என்பது படித்தால் தெரியும்.

என் மகள் படிவம் ஆறில் பொருளாதாரம் எடுத்திருந்தாள். அவளுடைய நோட்டில் ஒரு படம் உண்டு. இரண்டு கோடுகள் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக்கொள்ளும், மேலே படுக்கையாக இன்னொரு கோடு. அந்தப் படுக்கைக் கோடுதான் குறைந்தபட்சச் சம்பளமாம். அதை மேலே தூக்கினால் வேலை கேட்பவர் கூடுவார், வேலை கொடுப்பவர் குறைவார், நடுவில் இருக்கும் இடைவெளி வேலையில்லாதவர். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நான்தான் அவளுக்கு அதை ஒப்பிக்கக் கேட்டேன். ஒப்பித்து முடித்ததும் அவளிடம் சொன்னேன்: "உன் பாட்டி வேலை செஞ்ச இடம் இந்தப் படத்துல இல்லையே."

என் அம்மா தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடத்தில், நின்றவர். விடியற்காலை நாலரைக்கு மணி அடிக்கும். மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார், கணக்கு எழுதும் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவில் குறிப்பார். பால்மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு, போன காலத்தில் மழை பெய்தால் பெரட்டு கலையும், அன்றைக்குக் கூலி கிடையாது. பிறகு மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். செம்பனை எங்கள் வட்டாரத்துக்குப் புதுசில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917ல் இங்கே தென்னமாரத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் போட்டதுதான். அம்மா குலைக்கு அடியில் கிடக்கும் உதிரிப் பழம் பொறுக்கினார், மருந்து அடித்தார். எண்பதுகளின் நடுவில் அவர் கைக்கு வந்தது நாளொன்றுக்கு எட்டு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். அந்தச் சம்பளத்துக்கு ஏன் இருந்தார் என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். நாங்கள் இருந்த லயம், அந்த வரிசை வீடுகள், தோட்டத்துத் துரையுடையது. வேலையை விட்டால் வீட்டை விட வேண்டும். தண்ணீர், பிள்ளைக் கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வேலிக்குள்ளே. எந்த மளிகைக் கடையில் கடன் வாங்குவது என்பதுகூட வேலிக்குள்தான் முடிவாகும்.

வேலை கொடுக்க ஒரே ஒரு ஆள் இருக்கும் இடத்தில் கூலியை இரண்டு கோடுகள் தீர்மானிப்பதில்லை, அந்த ஒரு ஆள்தான் தீர்மானிக்கிறார். 1933லேயே ஜோன் ராபின்சன் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அம்மையார் இதைப் பற்றி எழுதியிருக்கிறாராம், மகள் பிறகு சொன்னாள். அப்படிப்பட்ட இடத்தில் சட்டம் போட்டுக் கூலியை ஓரளவு ஏற்றினால் ஆள் குறையாது, கூடக்கூடும். என் அம்மா கேட்டிருந்தால் "இதுக்குப் படிக்கணுமா" என்றிருப்பார்.

முதல் கடிதக்காரர் ஒன்றை யோசிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் தமிழ் ஆட்கள் குறைந்தது குறைந்தபட்சச் சம்பளம் வந்த பிறகா? சட்டம் வந்தது 2011ல், முதல் சம்பளம் நடப்புக்கு வந்தது 2013 ஜனவரி 1ல். தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா, சரவாக்கில் 800. எங்கள் லயம் அதற்கு இருபது வருடம் முன்பே காலியாக ஆரம்பித்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்து வாசலில் ஃபேக்டரி பஸ் வந்து நிற்கும். என் வயதுப் பெண்கள் தலையில் பூ வைத்து, கையில் சாப்பாட்டு டப்பாவோடு ஏறிப் போவார்கள். அம்மா பெரட்டுக்குப் போகும் வழியில் அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே போவார். என்னையும் அதில்தான் ஏற்றிவிட்டார். கூலி ஏறாததால் நாங்கள் போனோம். எங்கள் இடத்துக்கு முதலில் இந்தோனேசியர் வந்தார்கள், பிறகு வங்காளதேசத்தார், நேப்பாளத்தார். ஆள் மலிவாக வந்துகொண்டே இருந்ததால் தோட்டங்கள் இயந்திரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. இதே நாட்டின் செம்பனை எண்ணெய் வாரியம் மோட்டார் அரிவாள் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நீளக் கம்பின் நுனியில் சபிட் கட்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து குலை வெட்டுகிறவர்களைத்தான் நான் இன்றும் அதிகம் பார்க்கிறேன்.

2013ல் வேலையில்லாதோர் கூட்டம் கூடும் என்று அப்போதும் சொன்னார்கள். நாட்டின் வேலையின்மை அதற்கு முன்னும் நூற்றுக்கு மூன்றையொட்டி இருந்தது, பின்னும் அப்படியேதான் இருந்தது. இதைச் சொல்லி இரண்டாமவர் கை தட்ட வேண்டாம். அந்த எண்ணில் என் கடை தெரியாது.

இனி என் கடைக் கதை.

குறைந்தபட்சச் சம்பளம் 2016 ஜூலையில் 1,000 ஆனது, 2019ல் 1,100. அதுவரை எனக்குப் பெரிய தொல்லை இல்லை. 2020 பிப்ரவரி 1ல்தான் ஒரு வேடிக்கை நடந்தது. மாநகர், நகராட்சி மன்ற வட்டாரங்களுக்கு மட்டும் 1,200 வெள்ளி, மற்ற இடங்களில் பழைய 1,100 என்றார்கள். ராவாங் செலாயாங் நகராட்சியில் சேர்ந்தது, அங்கே 1,200. எங்கள் கோல சிலாங்கூர் அப்போது மாவட்ட மன்றம்தான், இங்கே 1,100. என் கடையில் தேத்தண்ணி ஆத்துற தம்பி ஒரு காகிதத்தில் மோட்டாருக்கு எண்ணெய்க் காசு கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, போய்ட்டு வரேன்" என்று ராவாங் கடை ஒன்றுக்குப் போய்விட்டான். நூறு வெள்ளி வித்தியாசம், அதில் பாதி எண்ணெய்க்குப் போகும். மீதிப் பாதிக்காகப் போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், நான் ஃபேக்டரி பஸ் ஏறியதும் அப்படித்தான்.

மகள் அன்றைக்கு உற்சாகமாகிவிட்டாள். அமெரிக்காவில் டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பேர் இதே மாதிரி எல்லைக்கோடு ஒன்றைப் பிடித்துத்தான் ஆராய்ந்தார்களாம். 1992ல் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலரை 5.05 ஆக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியா ஏற்றவில்லை. இரண்டு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால், ஏற்றிய பக்கத்தில் வேலை குறையவில்லை. 2021ல் கார்டுக்கு நோபெல் பரிசு கொடுத்தபோது இந்த வேலையும் அதில் சேர்த்திதான். அவர் ஹம்பர்கர் கடையில் பார்த்ததை நாம் ரொட்டிச் சானாய் கடையில் பார்க்கலாம் அம்மா, ராவாங் பக்கமும் பெர்ஜுந்தை பக்கமும் எண்ணினால் போதும் என்றாள். ஏழு வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. இரண்டு பக்கமும் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். எல்லைக்கோட்டைக் கொரோனா அழித்துவிட்டது.

2022 மே 1ல் 1,500. ராவாங்குக்கு அது 300 வெள்ளி ஏற்றம். எங்கள் ஊருக்கு 1,100லிருந்து ஒரே தாவலில் 400, அதாவது நூற்றுக்கு 36. சட்டப்படி இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது சம்பளத்தை மறு ஆய்வு செய்ய வேண்டும். நம் நாட்டில் அந்த ஆய்வு வருவது முருங்கைக்காய் விலை மாதிரி. நாலு நாள் அசையாது, ஐந்தாம் நாள் எகிறும்.

சின்னக் கடைக்காரர்கள் பாவம் என்று ஒரு சலுகை கொடுத்தார்கள். ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். முதலில் 2023 ஜனவரி வரை, பிறகு அதையும் தள்ளி ஜூலை 1 வரை. என்னிடம் அப்போது நாலு பேர். ரொட்டி மாஸ்டர், சமையலுக்கு ஓர் அம்மா, உதவிக்கு இரண்டு தம்பிகள்.

சரியாக அந்த நேரத்தில்தான் யூனிசெல் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பி வந்தார்கள். மத்தியானம் மங்கு, அதாவது சாப்பிட்ட தட்டு, மலை மாதிரிக் குவிந்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து ஓர் அக்கா, வீட்டுக்காரர் படுத்த படுக்கை, வேலை கேட்டு வந்தார். எனக்கு ஆள் தேவை. அவருக்கு வேலை தேவை. ஆனால் அவரைச் சேர்த்தால் ஐந்து. ஐந்தானால் அவருக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் அடுத்த நாளே 1,500. கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அந்த ஐந்தாவது ஆளின் விலை ஒரு ஆளின் சம்பளமாக இல்லை, இரண்டு ஆள் சம்பளத்துக்குக் கிட்டே வந்தது.

"இப்ப ஆள் எடுக்கலக்கா" என்றேன். அவர் "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு, போகும்போது மேசையில் கிடந்த இரண்டு மங்கை எடுத்துப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து நானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். கணக்கில் இல்லாமல். மணிக்கு ஐந்து வெள்ளி, சாயங்காலம் கையில். சேமநிதி இல்லை, பெர்கேசோ என்ற தொழிலாளர் காப்புறுதி இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. புள்ளிவிவரத் துறை என் கடைக்கு வந்திருந்தால் நாலு பேர் என்றுதான் எழுதியிருக்கும். மே மாதத்துக்கு முன்னும் நாலு, பின்னும் நாலு. குறைந்தபட்சச் சம்பளத்தால் வேலை போகவில்லை என்று சொல்லவும் அந்தக் கணக்கு உதவும், வேலை வரவில்லை என்று சொல்லவும் உதவும். ஐந்தாவது ஆள் பின்கட்டில் குழாயடியில் குந்திக்கொண்டு மங்கு கழுவிக்கொண்டிருந்தது யார் கணக்கிலும் வரவில்லை.

பெயர் போட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

அந்தச் சலுகை எனக்கு உதவியதா என்றால், அதுவும் இல்லை. ராவாங்கிலும் ஈஜோக்கிலும் பெரிய கடைகள் 1,500 கொடுக்கும்போது என் இரண்டு தம்பிகள் 1,200க்கு நிற்பார்களா? 1,400 கொடுத்துத்தான் நிறுத்தினேன். சட்டம் என்னை விட்டாலும் ஊர் விடவில்லை. ஒரு வருடம் போனதும் மங்கு கழுவும் அக்காவே, "மின்னல் எஃப்எம்ல சொன்னாங்களேம்மா, மணிக்கு ஏழு வெள்ளியாமே" என்று மெல்லக் கேட்டார். ஆறு ஆக்கினேன். அடுத்த வருடம் ஏழு. கணக்கில் இல்லாதவருக்கும் கணக்கில் இருப்பவரைப் பார்த்துக் கூலி ஏறுகிறது. பிரேசிலில் இதைக் கலங்கரை விளக்கம் என்கிறார்களாம். வெளிச்சம் தூரத்துப் படகுக்கும் விழுகிறது, சரிதான். அந்தப் படகுக்குச் சேமநிதி மட்டும் இல்லை.

2025ல் 1,700. பிப்ரவரி 1ல் ஐந்து பேரும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களுக்கு, ஆகஸ்ட் 1ல் எல்லோருக்கும். இந்த முறை ஆறு மாதம்தான் வித்தியாசம், ஒளிந்துகொள்ள வழியில்லை. நானும் களைத்துவிட்டேன்.

ஜூலைக் கடைசியில் தம்பிகள் இருவருக்கும் 1,500லிருந்து 1,700 என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார்கள். மறுநாள் காலை மாஸ்டர் மாவை அடித்த அடியில் மேசை ஆடியது. பதினாறு வருடமாக என்னிடம் இருக்கிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்றார். பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். "ஏன்க்கா, பதினாறு வருஷம் கல்லு முன்னால நின்னவனுக்கும் போன வருஷம் வந்தவனுக்கும் முன்னே எழுநூறு வெள்ளி வித்தியாசம் இருந்துச்சு. இப்ப ஐந்நூறு. நான் என்ன கீழ போய்ட்டேனா?"

அவருக்கு அப்போது 2,200. ஒரு காசும் குறையவில்லை. ஆனாலும் அவர் சொன்னது புரிந்தது. மாஸ்டருக்கு 150 ஏற்றினேன், சமையல் அம்மாவுக்கு 150. பத்திரிகையில் எழுதுகிறவர்கள் யாரும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் கீழே இருக்கிறவருக்கு மட்டும் ஏறுவதில்லை, கீழிருந்து மேலே எல்லோரையும் தள்ளுகிறது. முதலாளி கடைசி ஆளுக்கு மட்டும் ஏற்றிவிட்டு மற்றவர்களை அப்படியே விட்டால், நல்ல கைகள் போய்விடும். மாஸ்டர் போனால் என் கடையில் நாலு பேர் வேலையும் போகும், என் வேலையும் சேர்த்து.

கூட்டிப் பார்த்தால் மாதம் 700 வெள்ளி கூடுதல். சேமநிதிக்கு முதலாளி பங்கு நூற்றுக்கு 13, அது 91 வெள்ளி. பெர்கேசோ கொஞ்சம். 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு முப்பது வெள்ளிச் சொச்சம். நாளைக்கு 180 ரொட்டி போகிறது. ஒரு ரொட்டிக்கு இருபது காசு ஏற்றினேன், 36 வெள்ளி வந்தது. கதை முடிந்தது. இரண்டு நாள் முகம் சுளித்தார்கள், மூன்றாம் நாள் வழக்கமான மேசையில் வழக்கமான ஆட்கள். ரொட்டியை விட்டுவிட்டு எங்கே போவார்கள்? பக்கத்துக் கடைக்காரரும் இருபது காசு ஏற்றியிருந்தார். எல்லோருக்கும் ஒரே நாளில் வருகிற சட்டத்தில் இது ஒரு சௌகரியம். பாதிப் பேருக்கு வந்து பாதிப் பேருக்கு வராத சட்டம்தான் கடைக்காரர்களை ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்க வைக்கிறது.

எல்லோரும் இருபது காசில் தப்பிக்க முடியாது, அதுவும் தெரியும். செம்பனை எண்ணெய் விலையைத் தோட்டத்து முதலாளி எழுதி வைக்க முடியாது, அது உலகச் சந்தையில் முடிவாகிறது. தென்னாப்பிரிக்காவில் பண்ணை வேலைக்கு 2003ல் முதல் முறையாகக் குறைந்தபட்சக் கூலி வைத்தார்கள். கூலி ஏறியது, எழுத்தில் ஒப்பந்தம் கிடைத்தவர்கள் கூடினார்கள், பண்ணை வேலைகளின் எண்ணிக்கை குறைந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பிறகு திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, 2013 மார்ச்சில் நாள் கூலி 69 ராண்டிலிருந்து 105 ஆனது, ஒரே அடியில் நூற்றுக்கு 52. கார்டு கடையெண்ணிப் பார்த்ததை இங்கே அப்படியே ஒட்ட முடியாது என்று முதல் கடிதக்காரர் சொன்னால் நான் தலையாட்டுவேன். விலையை ஏற்ற முடியாத இடத்தில் எதையாவது குறைப்பார்கள்.

எதைக் குறைக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். போன மாதம் ஒரு தம்பி, செம்பனை வெட்டுகிறவர், நம்ம பையன், தே தாரிக்குக்கு முன்னால் சம்பளச் சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் நேராக வேலை இல்லை, குத்தகைக்காரரிடம். யார் என்று சொல்ல மாட்டேன். "அக்கா, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். கிளாஸ் வைத்த இடத்தில் சீட்டு வட்டமாக நனைந்திருந்தது. நாள் சம்பளம் 65.38 என்று சரியாகப் போட்டிருந்தது. வாரம் ஆறு நாள் வேலைக்கு 1,700 வெள்ளியைப் பிரித்தால் வரும் சட்டத் தொகை அதுதான். கீழே வேலை நாள்: 17. மொத்தம் 1,111.46. அதற்கும் கீழே பூட்ஸ், கையுறை என்று பிடித்தம்.

"மத்த நாள் வேலைக்குப் போகலையா?"

"போனேன்க்கா. மழைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சில நாள் பழம் இல்லன்னாங்க."

என் அம்மாவின் பெரட்டு கலைந்தது நினைவுக்கு வந்தது. கூலி விகிதம் சட்டப்படி, நாள் மட்டும் அவர்கள் இஷ்டப்படி. ஆள் தலையை எண்ணினால் இந்தத் தம்பி வேலையில் இருப்பவர். இந்தச் சீட்டு சட்டத்துக்குப் பொருந்துமா என்பதைத் தொழிலாளர் இலாகா சொல்லட்டும். குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காத முதலாளிக்குத் தொழிலாளி ஒருவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. சீட்டில் 65.38 என்று இருந்தால் யார் அபராதம் போடுவார்? மேற்கொண்டு, ஹோட்டல்காரர்கள் செர்விஸ் சார்ஜை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பப் பார்த்தார்கள், 2021ல் கூட்டரசு நீதிமன்றம் கூடாது என்று சொல்லிவிட்டது. ஹோட்டல் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, வழக்கு மேலே வரை போனது. குத்தகைக்காரரிடம் பதினேழு நாள் வெட்டுகிற பையனுக்கு யார் இருக்கிறார்?

வேலையைப் பறிப்பது வெளிநாட்டுக்காரர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான். உள்ளூர் ஆளுக்கு 1,700, சேமநிதி 221, ஆக 1,921. வெளிநாட்டு ஆளுக்குத் தோட்டத் துறையில் லெவி என்ற அரசாங்கக் கட்டணம் வருடத்துக்கு 640, மாதக் கணக்கில் 53 வெள்ளி. 2025 அக்டோபர் முதல் அவருக்கும் சேமநிதி கட்ட வேண்டும், நூற்றுக்கு 2, அதாவது 34. ஆக 1,787. பெர்மிட், மருத்துவப் பரிசோதனை, குடியிருப்பு எல்லாம் சேர்த்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும் என்பார்கள் தோட்டத்துக்காரர்கள். கரையலாம். ஆனால் பெர்மிட்டில் வந்தவர் ராவாங்கில் நூறு வெள்ளி கூடக் கிடைக்கிறது என்று மோட்டார் ஏறிப் போக முடியாது. அன்றைக்கு லயத்து வீடு எங்களைக் கட்டிவைத்தது, இன்றைக்குப் பெர்மிட் அவர்களைக் கட்டிவைக்கிறது. முதலாளிக்கு அந்தக் கட்டுத்தான் வேண்டியிருக்கிறது, நூற்று முப்பத்து நாலு வெள்ளி மலிவு அப்புறம்தான். அந்தக் கட்டு இருக்கும்வரை சம்பளத்தை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் நம் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் இடம் வராது.

ஆகவே மனிதவள அமைச்சுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை சம்பளத்தை ஏற்றுங்கள். நான் கடைக்காரி, நானே கேட்கிறேன். ஆனால் ஐந்து பேர், நாலு பேர் என்று வாசலில் தலை எண்ணாதீர்கள். சின்னக் கடைக்கு உதவ வேண்டுமானால் முதல் ஆறு மாதம் சேமநிதிப் பங்கில் உதவுங்கள், ஆளை எடுத்தால் தண்டனை என்கிற மாதிரி வைக்காதீர்கள். ஏற்றுவதை வருடா வருடம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நாற்பது வெள்ளி, ஐம்பது வெள்ளி என்றால் நான் ரொட்டிக்கு ஐந்து காசு ஏற்றிவிட்டுப் போய்விடுவேன், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரே அடியாக நானூறு என்றால்தான் காலண்டரைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது. தோட்டத்துக்கு அதிகாரி வந்தால் நாள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போகாமல், எத்தனை நாள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

மங்கு கழுவும் அக்காவை ஆகஸ்டில் கணக்கில் சேர்த்துவிட்டேன். பகுதிநேர வேலை, வாரம் 30 மணி நேரம், மணிக்கு 8.72. மாதம் 1,133.60 வருகிறது. முதல் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் அவர் கண் நேராகப் பிடித்தத்துக்குப் போனது. "இது என்னம்மா, நூத்தி இருபத்தஞ்சு வெள்ளி போல குறையுதே?" சேமநிதி அக்கா, உங்க பேர்ல சேருது, நானும் என் பங்கு போடுறேன் என்றேன். எப்போது எடுக்கலாம் என்று கேட்டார். முழுசா எடுக்கணும்னா அம்பத்தஞ்சு வயசுல என்றேன்.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணு வருஷத்துக்கு முன்னாலயே சேர்த்திருந்தா கொஞ்சம் கூட இருந்திருக்கும், இல்லம்மா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, உள்ளே போய்க் குழம்பைக் கிண்டினேன்.

இப்படிக்கு,
சாப்பாட்டுக் கடைக்காரி,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.